அப்பத்தா பெட்டியில் பழைய காசுகள்: எது என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

புதுகைப்_பொன்னி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் புதுக்கோட்டை. அப்பத்தா காலமான பிறகு அவங்க ட்ரங்குப் பெட்டியைப் பிரிச்சோம். சேலைக்கு அடியில ஒரு சுருக்குப்பை, கூடவே துருப்பிடிச்ச ஒரு பிஸ்கட் டப்பா. ரெண்டு நிறையவும் பழைய காசு. நாணயம் சேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. இப்ப கையில இவ்வளவு வந்திருக்கு, ஆனா யூடியூப் பாக்கப் பாக்கக் குழப்பம் கூடுது. வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வெள்ளி ரூபாய் மூணு இருக்கு. விக்டோரியா தலை, மூணுலயும் 1840. ரெண்டுல "விக்டோரியா குயின்" எழுத்து தலைக்கு மேல ஒரே வளைவா ஓடுது. மூணாவதுல ஒரு சொல் இந்தப் பக்கம், ஒரு சொல் அந்தப் பக்கம். ஒரே வருஷத்துக் காசு எப்படி ரெண்டு விதமா இருக்கும்? ஒண்ணு போலியா? இதுபோக 1862 போட்ட ரூபாய் ஒண்ணு.

1947 ரூபாய் ஒண்ணு, பின்னாடி புலி. இது காந்தத்துல ஒட்டுது. வெள்ளி ஒட்டாதே, அப்ப இது டூப்ளிகேட்டுன்னு தம்பி முடிவே கட்டிட்டான்.

ஓட்டைக் காலணா ஒரு கை நிறைய. கயித்துல கோக்க யாரோ துளை போட்டுட்டாங்க, மதிப்புப் போச்சுன்னு சித்தப்பா சொல்றார்.

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818. இதுக்குப் பத்து லட்சம்னு ஒரு வீடியோ.

நெத்திப் பொட்டு அளவுல செம்புக் காசு நிறைய. ஒரு பக்கம் அம்மன் மாதிரி, மறுபக்கம் சுழிச்சு சுழிச்சு ஒரு எழுத்து. அரபியா?

நம்ம காலத்து ஸ்டீல் ஒரு ரூபாய்ல வருஷத்துக்குக் கீழ குறியே இல்லாதது பல கிடக்கு. அது மின்ட் மார்க் விடுபட்ட எரர் காசாமே, நிஜமா?

இது பெட்டியில இருந்தது இல்ல: தஞ்சாவூர்ல பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட நான் வாங்கினது. ஒரு பக்கம் நிக்கிற ஆள், மறுபக்கம் உக்காந்த ஆள். ராஜராஜ சோழன் காசுன்னு கொடுத்தார்.

எல்லாத்தையும் புளி போட்டு விளக்கிட்டா எழுத்து பளிச்சுன்னு தெரியும்னு சித்தி டப்பாவோட உக்காந்திருக்காங்க. அமெரிக்காவுல இருக்குற அண்ணன் அடுத்த மாசம் வர்றார், நல்லதா நாலு காசு எடுத்துட்டுப் போறேங்கறார். நான் எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

---

கருவூலம்_நெல்லை எழுதியது:

அம்மா பொன்னி, முதல் வேலையாகச் சித்தியிடமிருந்து அந்த டப்பாவை வாங்கி உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் புளி சரி. காசுக்கு அது எமன். நூறு வருடமாகச் செம்பின் மேல் படிந்த அந்தக் காப்பிக்கொட்டை நிறம் அழுக்கு அல்ல, உலோகத்தின் மேல்தோல். புளியில் உள்ள அமிலம் அதைத் தின்றுவிடும். கீழே இளஞ்சிவப்பாக வெறும் செம்பு தெரியும், கூடவே நாரின் கீறல்களும் தெரியும். வெள்ளிக்கு விபூதி, பல்பொடி, பீதாம்பரி எல்லாம் இதே கணக்கு. கருவூலக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து எத்தனையோ வீட்டுக் காசுகளைப் பார்த்துவிட்டேன். பளபளவென்று நீட்டும்போதே மனசு பதறும். டீலர் கையில் எடுத்தவுடன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதும் இதற்குத்தான். விளக்கிய காசில் வெளிச்சம் ஒரேயடியாக அடிக்கும். விளக்காத காசில் மேட்டில் மங்கி, பள்ளத்தில் மினுங்கும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, தேய்க்காமல், துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இனி 1840. உங்களுடைய மூன்றும் நல்ல காசாக இருக்க வாய்ப்பு உண்டு. எழுத்து வேறுபாட்டை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. ஆரம்பக்காரர்கள் எல்லாரும் இடறுகிற இடம் இது: காசின் மேல் இருக்கும் வருடம், அது அடிக்கப்பட்ட வருடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பெனி ரூபாயில் 1840 என்ற எண்ணை நிறுத்திவைத்துவிட்டு, அதையே வருடக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். முதலில் வந்ததில் "விக்டோரியா குயின்" ஒரே தொடர்ச்சியாகத் தலைக்கு மேல் ஓடும். பின்னால் வந்ததில் விக்டோரியா இடப்பக்கம், குயின் வலப்பக்கம் என்று பிரிந்து நிற்கும். சேகரிப்பாளர்கள் ஒன்றைத் தொடர் எழுத்து வகை, மற்றதைப் பிரிந்த எழுத்து வகை என்று தனித்தனியாக வைப்பார்கள். பின்பக்கத்து மாலையில் சின்னச் சின்னதாக உருண்டைப் பழங்கள் இருக்கும். அந்த எண்ணிக்கையும் அச்சுக்கு அச்சு மாறும். ஒரு லென்ஸ் வாங்கி எண்ணிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

1862-ம் அதே கதைதான். கம்பெனி போய் மகாராணியின் ஆட்சி வந்த பிறகு அடித்த ரூபாய் அது. 1874 வரை 1862 என்றே போட்டு அடித்தார்கள். பம்பாயில் அடித்தவற்றில் பின்பக்கத்தில் நுணுக்கமான புள்ளிகள் உண்டு. புள்ளிகளின் இடத்தையும் எண்ணிக்கையையும் வைத்து நிஜமான வருடத்தைக் கணிப்பார்கள். யாராவது புள்ளியை அச்சுப் பிழை என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். 1877-லிருந்து "குயின்" போய் "எம்ப்ரஸ்" வந்துவிடும், ஏனென்றால் அந்த ஜனவரியில்தான் டெல்லியில் அவரைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள்.

காந்தம். தம்பி சொன்னதில் பாதி சரி, வெள்ளி ஒட்டாது. ஆனால் 1947 புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாயெல்லாம் 91.7 சதவீதம் வெள்ளி. இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் 1940-லிருந்து அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் வெள்ளியை முழுக்க விட்டுவிட்டுச் சுத்த நிக்கலில் அடித்தார்கள். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஆக, உங்கள் புலி ரூபாய் ஒட்டுவதுதான் சரி, ஒட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். இப்படி எந்தப் பரிசோதனையையும் அந்தக் காசு எந்த உலோகம் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஓட்டைக் காலணாவில் துளை போட்டது நாணயச்சாலையே. 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க நடுவில் துளையோடு அடித்தார்கள். துளையைச் சுற்றி வட்டமாக ஒரு விளிம்பு இருப்பதைப் பாருங்கள், வீட்டில் ஆணி அடித்தால் அப்படி வராது. சித்தப்பாவிடம் காட்டுங்கள். மதிப்பு பெரிதாகக் கிடையாது, ஆனால் ஐந்து வருடத்தையும் சேர்த்து ஒரு வரிசை கட்டினால் அழகாக இருக்கும். முதல் தொகுப்பாக ஒரு பிள்ளைக்குக் கொடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீல் ரூபாயில் அந்தக் குறி, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைக் காட்டுவது. குறி இல்லாதது கொல்கத்தாவில் அடித்தது. அவ்வளவுதான். மும்பைக்கு வைரக்கட்டம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றுமில்லை. 1985 ரூபாயில் வருடத்துக்குக் கீழே ஹெச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. சில்லறைத் தட்டுப்பாட்டால் வெளிநாட்டில் அடித்து வரவழைத்த காசு. லட்சக்கணக்கில் விலை என்று அதைப் பற்றியும் வீடியோ வரும், நம்பாதீர்கள்.

1818 ராமர் காசு: கம்பெனி அப்படி ஒரு அணாவை அடித்ததே இல்லை. கோயில் வாசலிலும் திருவிழாக் கடையிலும் விற்ற பக்தி முத்திரை. 1616 என்று வருடம் போட்டது கூட உண்டு. அப்பத்தா பூஜையில் வைத்திருந்திருப்பார்கள், நீங்களும் பூஜையிலேயே வையுங்கள்.

உங்கள் பெட்டியில் எனக்கு ஆசையாக இருப்பது அந்தப் பொட்டுக் காசுகள்தான். புதுக்கோட்டைக்காரர் அதை அரபியா என்று கேட்கலாமா! அது அம்மன் காசு. உங்கள் ஊர்த் தொண்டைமான் சமஸ்தானத்துக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம். மறுபக்கம் தெலுங்கில் "விஜய". தலைகீழாகப் பிடித்தால் எந்த மொழி என்றே பிடிபடாது, அதனால்தான் பலரும் அரபி என்கிறார்கள். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கையால் அடித்த பழையது கோணல்மாணலாக, அம்மன் பாதிதான் விழுந்து, கட்டியாக இருக்கும். பின்னாளில் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வந்தது வட்டமாக, அம்மன் முழுசாக இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் கொட்டி இந்த இரண்டாகப் பிரியுங்கள். ஆரம்பிக்க அதுதான் இடம். விலை பார்த்தால் சின்னக் காசு. ஆனால் உங்கள் ஊரில், உங்கள் வீட்டுப் பெட்டியில், கைமாறாமல் கிடந்தது. பழைய ரூபாய் எந்த ஊரிலும் கிடைக்கும், இது அப்படி இல்லை. தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விமான நிலையத்தில் பிடித்தால் காசும் போகும், வழக்கும் வரும். 1840, 1862 இரண்டும் அதில் அடங்கும். வீட்டில் வைத்துச் சேகரிப்பதற்குத் தடை இல்லை. தோட்டத்தில் குழி தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து புதையலாகக் கிடைத்தால் மட்டும் சங்கதி வேறு, அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

வெள்ளி ரூபாய்களை எடை போட்டு எழுதுங்கள். 11.66 கிராம் இருக்க வேண்டும். நகைக்கடை எடை மெஷின் போதும், ஆனால் நகைக்கடைக்காரர் உருக்கக் கேட்பார், கொடுத்துவிட்டு வராதீர்கள். ராஜராஜன் காசைப் பற்றி வன்னியூரார் வந்து சொன்னால் நன்றாக இருக்கும், அவருக்குத்தான் அதில் பழக்கம்.

---

வன்னியூரான் எழுதியது:

கருவூலம் ஐயா கூப்பிட்டபடியால் வந்தேன். தங்கச்சி, அந்தக் காசில் உட்கார்ந்திருக்கிற உருவத்தின் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் ஒரு பெயர் கிடக்கும். அதைத்தான் வாசிக்க வேணும், உருவத்தைப் பார்த்து முடிவெடுக்க ஏலாது. நிற்கிற ஆள், உட்கார்ந்த ஆள் என்ற இந்த அமைப்பு சோழர் காசிலும் உண்டு, இலங்கைக் காசிலும் உண்டு. பொலன்னறுவையில் சோழர் ஆட்சி 1070 அளவில் முடிஞ்ச பிறகு, சிங்கள அரசர் அதே அமைப்பை விடாமல் வைத்துக்கொண்டு தங்கள் பெயரை மட்டும் போட்டு அடிச்சவை. விஜயபாகு, பராக்கிரமபாகு, லீலாவதி அரசி, சாகசமல்லன், புவனேகபாகு என்று பெயர் மாறிக்கொண்டு போகும். உருவமும் காலம் போகப் போகக் கோடு கோடாகச் சுருங்கி, கடைசியில் ஆள் என்று சொன்னால்தான் ஆள் என்று விளங்கும்.

"ராஜராஜ" என்றால் "ரா", "ஜ" என்ற இரண்டு எழுத்தும் திரும்பத் திரும்ப வரும். உங்களுடையதில் அப்படி வராமல் நீளமான பெயராகக் கிடந்தால் பராக்கிரமபாகுவாக இருக்கலாம். இந்தியாவில் ராஜராஜன் என்று விற்கிற காசு சிலவற்றைப் படத்தில் பார்க்க, எங்கட பக்கத்துக் காசாகத்தான் தெரியுது. அப்படி என்றாலும் மனம் சோர வேண்டாம், அதுவும் எழுநூறு வருசத்துக்கு மேலான உண்மைக் காசு.

இன்னொன்றும் சொல்லிவிடுறேன். ஒரு பக்கம் நந்தி, அதுக்குக் கீழே தமிழில் "சேது" என்று எழுத்து வந்தால் அது சோழர் காசு இல்லை, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. அப்படி ஒன்று எங்கேயாவது கண்டால் முதலில் எனக்கு ஒரு படம் அனுப்புங்கோ.

---

கொங்கு_சில்லறை எழுதியது:

பொன்னி அக்கா, அந்தப் பத்து லட்சம் வீடியோவுக்குக் கீழ நம்பர் இருக்கும், தயவு பண்ணிக் கூப்பிடாதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012 காசை விக்கக் கூப்பிட்டார். விலை பேசி முடிச்சாச்சு, பணம் ரெடி, ரிசர்வ் பேங்க் அனுமதிக்குக் கட்டணம் மட்டும் கட்டுங்கன்னாங்க. அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கூரியர் இன்சூரன்ஸ். மகள் கல்யாணத்துக்கு வச்சிருந்ததுல இருந்து எடுத்துக் கட்டினார். காசை வாங்க ஒருத்தரும் வரல. ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே அறிவிப்பு விட்டுச்சு: பழைய காசு, நோட்டு வாங்குறது விக்கிறதுல நாங்க இல்ல, அதுக்குன்னு கட்டணமோ கமிஷனோ கேக்கறதும் இல்லன்னு. விக்கிறவன்கிட்ட முன்பணம் கேட்டாலே அது திருட்டு.

அரிசியை இழுக்குற சக்தி இருக்கு (ரைஸ் புல்லிங்), இரிடியம் இருக்குன்னு கதை விட்டுச் செம்புக் காசைத் தேடி வர்றவங்களும் இதே ஜாதி. அம்மன் காசு நிறைய இருக்குன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க.

விலை தெரியணும்னா, விக்கிறவங்க போடுற விலையைப் பாக்காதீங்க. நாணய ஏல நிறுவனங்கள் ஏலம் முடிஞ்ச விலையை வெளியிடுவாங்க, அதைப் பாருங்க. நேர்ல நல்ல காசு பாக்கணும்னா எழும்பூர் அருங்காட்சியகத்துல நாணயத் தொகுப்பு இருக்கு, ஒரு நாள் போய்ட்டு வாங்க.

இன்னொண்ணு, பத்து ரூபாய்க் காசுல ரூபாய்க் குறி இல்லாதது செல்லாதுன்னு கடையில திருப்பித் தருவாங்க. குறியே 2010-லதான் வந்துச்சு, அதுக்கு முந்தின காசுல எப்படி இருக்கும்? அதுவரை வந்த 14 டிசைனும் செல்லும்னு 2018 ஜனவரியில ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. ஒவ்வொரு டிசைனும் ஒண்ணு எடுத்து வைங்க, முகமதிப்புலயே ஒரு தொகுப்பு ஆயிரும்.

---

புதுகைப்_பொன்னி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டப்பா இப்ப என் பீரோவுல. "விஜய"ன்னு தெலுங்குல எழுதிப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், அப்படியே இருக்கு! நான் பொறந்து வளந்த ஊரோட காசு, எனக்கே தெரியல. வன்னியூர் அண்ணா, நீங்க சொன்னது சரி, "ராஜ" ரெண்டு தடவை வரவே இல்ல. படம் அனுப்பறேன்.

கருவூலம் ஐயா, எடை போட்டேன். தொடர் எழுத்து ரெண்டுல ஒண்ணு 11.58, இன்னொண்ணு 11.41. பிரிஞ்ச எழுத்து 9.82. 1862 ரூபாய் 11.60. 11.41 உள்ளதுல மேல விளிம்புல ஈயம் வச்ச மாதிரி ஒரு தழும்பு இருக்கு. 9.82 தேஞ்சதாலயா? ஆனா பாக்க அதுதான் மூணுலயும் புதுசா இருக்கு. அப்புறம், எல்லாத்தையும் பிளாஸ்டிக் ஆல்பத்துல போட்டுடலாமா?

---

கருவூலம்_நெல்லை எழுதியது:

தேய்ந்து எடை குறைந்த காசில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதலில் போவது மேடான இடம்: விக்டோரியாவின் காதுக்கு மேல் முடி இழை, கன்னம். அங்கெல்லாம் கூர்மை அப்படியே இருக்க, எடை மட்டும் இரண்டு கிராமுக்குக் கிட்ட குறைந்தால் அது வேறு உலோகம். அந்த 9.82 போலி என்றுதான் நினைக்கிறேன். உறுதி செய்ய விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடித்த ரூபாயில் வரிவரியாகப் பள்ளம் ஒரே சீராகச் சுற்றி வரும். வார்ப்பில் ஊற்றியதில் வரிகள் மழுங்கியிருக்கும், நடுவே இரண்டு பாதியும் சேர்ந்த கோடு ஓடும் அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு ராவியிருப்பார்கள். முகப்பில் எழுத்துகளுக்கு இடையே ஊசி குத்தியது போலக் குழிகள் தெரியும், உலோகம் ஊற்றும்போது எழுந்த காற்றுக் குமிழ்கள் அவை. அதைத் தூக்கிப் போடாமல் தனி உறையில் "போலி" என்று எழுதி வையுங்கள். நல்ல 1840-ஐ ஒரு கையிலும் அதை மறு கையிலும் வைத்து லென்ஸில் பார்த்துப் பழகினால், எந்தப் புத்தகமும் தராத பயிற்சி.

11.41 கிராம் உள்ள ரூபாய், கழுத்தில் போடும் காசுமாலையில் இருந்திருக்கிறது. வளையம் பற்றவைத்த தழும்பு அது. சுரண்டாதீர்கள். விலை குறையும்தான், ஆனால் உங்கள் வீட்டுப் பெண்கள் கழுத்தில் கிடந்த ரூபாய். மாலை எப்போது கலைந்தது என்று பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் கேட்டு எழுதிவையுங்கள்.

கடையில் தொங்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அது பிவிசி. நம் ஊர் வெயிலில் இளகி, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டும், செம்பை அரித்துவிடும். அட்டை ஹோல்டர் வாங்குங்கள், நடுவில் மைலார் என்ற தெளிவான பிலிமில் ஜன்னல் வைத்து நான்கு பக்கமும் பின் அடிப்பது. பின்னை அடித்தபின் இடுக்கியால் தட்டையாக அமுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும். டப்பாவுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். காசை விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள், முகப்பில் விரல் பட வேண்டாம்.

ஹோல்டரில் பென்சிலால் வகை, எடை, எங்கே கிடைத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். அம்மன் காசுகளைக் கையால் அடித்தது, இயந்திரத்தில் அடித்தது என்று பிரித்தபின் படம் போடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும். அந்த 9.82-ன் விளிம்பையும் சேர்த்து.